பக்கத்தில் நடந்தால் தெரியும்

சிங்கப்பூரில் எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காரை விற்றுவிட்டேன் என்று அதில் எழுதியதும் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. காலமெல்லாம் ஊருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் கடைசியில் நடந்து போகிறாள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். "புஷ்பா அக்கா இனிமே கால்நடைத் துறை" என்று ஒருவன் எழுதினான். அவனுக்கு நான்தான் கிளட்ச் பிடிக்கவே சொல்லிக்கொடுத்தேன்.

பிரியா என்கிற இளம் பயிற்றுநர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினாள். "அக்கா, ஆர் யூ ஓகே? கண்ணு ஏதும் பிராப்ளமா?" என்று முதலில் கேட்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். பள்ளியில் இப்போது சிமுலேட்டர் வந்துவிட்டதாம். மாணவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே பாதிப் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். "ஒருத்தர் ரெடியா இல்லையான்னு அதுவே ஸ்கோர் போட்டுடுது. நீங்கல்லாம் அப்ப எப்படிக்கா டிசைட் பண்ணீங்க?" என்றாள். அவளுடைய இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. குரல் செய்தியில் சொன்னால் எனக்கு மூச்சு வாங்கும், அதனால் எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. முன்பின் தெரியாதவர்களை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன பயம் என்பார்கள். உண்மையில் பயம் இருந்ததால்தான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேன். பயிற்சிக் காரில் எங்கள் இருக்கை இடப்பக்கம். காலடியில் எங்களுக்கென்று தனியாக ஒரு பிரேக். என் வலது கால் அதன் மேலேயே தவம் கிடக்கும். இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது முன்னால் ஒரு லாரி திடீரென்று நின்றால் என் கால் தரையை அழுத்தும். பக்கத்தில் இருப்பவர்கள் கரப்பான் பூச்சி ஏதும் ஓடுகிறதோ என்று கீழே குனிந்து பார்ப்பார்கள்.

வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டைப் அடிக்கிற வேலையே இல்லாமல் போனது. பெண் பயிற்றுநர் இருந்தால் பெண்கள் தைரியமாக வருவார்கள் என்று பள்ளியில் ஆள் தேடினார்கள். தேர்வுகள் எழுதினேன், ஒரு முறை தவறினேன், மறுமுறை தேறினேன். உருப்படியாக நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகு, தலைமைப் பயிற்றுநர் திரு. கோவிடம்.

கோ ஒல்லியான சீனர். எப்போதும் வெள்ளைச் சட்டை, கையில் குடை. வெயிலுக்கும் அதே குடை, மழைக்கும் அதே குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் அவர் திட்டவும் மாட்டார், அதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. திட்டினால் அத்தோடு முடிந்தது என்று இருக்கலாம். அவரோ ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

புதிதாக ஒரு வழித்தடத்தில் பாடம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதை நடந்துவிட்டு வர வேண்டும். இது அவருடைய சட்டம். எங்கள் பள்ளி தவிர வேறெங்கும் இப்படி ஒரு கூத்து இருந்ததாகத் தெரியவில்லை. சீனப் பயிற்றுநர்களிடம் ஹொக்கியனில் சொல்வார், மலாய்க்காரர்களிடம் "ஜாலான்" என்பார், எங்களிடம் தமிழில் "நட, நட" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். மலாயில் ரோட்டுக்கும் ஜாலான்தான், நடப்பதற்கும் ஜாலான்தான் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஜாலான் புசார் என்று பெயர்ப்பலகையில் படிக்கிறோமே, அந்த ஜாலான். ரோடு நடக்கிறவனுடையது, கார் பிற்பாடு வந்த விருந்தாளி, விருந்தாளி அடங்கி இருக்க வேண்டும் என்பார்.

அவருடைய இன்னொரு வழக்கம் எங்களை அதைவிடப் பாடாய்ப்படுத்தியது. "இந்த மாணவன் தயார், பரீட்சைக்கு அனுப்பலாம்" என்று போய் நின்றால், "அவன் என்ன ஷூ போடுகிறான்?" என்று கேட்பார். விழிப்போம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் மாணவனின் காலை யார் பார்த்தார்கள்? கண் ரோட்டில், கை ஹேண்ட்பிரேக் பக்கத்தில், கால் பிரேக்கில். "அவனோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வா. அப்புறம் பேசுவோம்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆரம்பத்தில் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். பிறகு அதில் ருசி பிடித்துவிட்டது. காரில் போனபோது வெறும் கம்பி வேலியாகத் தெரிந்த இடத்தில், நடந்து போனால் ஒரு சின்னக் கதவு இருப்பது தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் அந்தக் கதவு வழியாகத்தான் ஓடிவருவார்கள். மழைமரத்தின் வேர் நடைபாதையைத் தூக்கிவிட்டிருக்கும், தள்ளுவண்டிப் பாட்டிகள் அதற்குப் பயந்து ரோட்டில் இறங்கி நடப்பார்கள். இதையெல்லாம் மாணவர்களிடம் சொல்லி எச்சரிப்பேன். ஆனால் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. காரில் உட்கார்ந்திருக்கும்போது குழந்தை, நாய், சைக்கிள், குடை பிடித்த கிழவர் எல்லாமே எனக்கு ஆபத்துகள். எங்கள் பாடப் பேச்சில் அதற்குப் பெயரே அதுதான். இறங்கி நடந்தால் அந்தக் கிழவர், "மழ வரும்போல இருக்குமா" என்பார். நாய் என் பையை மோந்து பார்க்கும். நெஞ்சில் இருக்கிற இறுக்கம் அவிழும்.

இப்போது காலையில் குவீன்ஸ்டவுனில் என் வீட்டிலிருந்து கிளம்பி, பழைய ரயில் பாதையில் கொஞ்ச தூரம் போவேன். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், புல்லும் செம்மண்ணும் இருக்கிறது. யாருக்கும் வழிவிட வேண்டாம், எந்தக் கண்ணாடியையும் பார்க்க வேண்டாம். சில நாட்களில் பஸ்ஸில் பாதி வழி போய் இறங்கி, மீதியைத் தமிழர் கடைத்தெருவான தேக்கா வரைக்கும் நடப்பேன். பராக்குப் பார்ப்பது என்று சின்ன வயதில் எதற்காக அடி வாங்கினேனோ, அதை இந்த வயதில் முழுநேரத் தொழிலாகச் செய்கிறேன். ஆனால் பிரியா, காரை விற்றது இந்தச் சுகத்துக்காக மட்டும் இல்லை. அதற்குக் காரணம் அந்தோணி அண்ணன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் அவர் என்னிடம் வந்தார். வாழ்க்கை முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் பஸ்ஸை ஓட்டியவர். மார்சிலிங்கில் மனைவி, மகள், பேத்தியோடு வீடு. லேசான பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தார். கை, கால் திரும்பிவிட்டது, பேச்சில் குழறல் இல்லை. மறுபடி ஓட்டலாமா என்று ஆஸ்பத்திரியிலேயே ஒரு சோதனை வைப்பார்கள், அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை தனியாக ஓட்ட வேண்டாம், வேண்டுமானால் இரண்டு பிரேக் உள்ள பயிற்சிக் காரில் சில தடவை பழகிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் பாடத்தில் "டீச்சர், நீங்க" என்று மரியாதையாகப் பேசினார். இரண்டாவது பாடத்தில் நான் "தங்கச்சி" ஆகிவிட்டேன். காரைக் கிளப்புவதற்கு முன் சிலுவைக் குறி போடுவார். "முப்பது வருஷத்துக்கு மேல பிள்ளைங்கள ஏத்தி எறக்கியிருக்கேன் தங்கச்சி. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கெடையாது" என்பார். சும்மா அளப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்டீரிங்கை அவர் பிடிக்கிற விதத்திலேயே அது தெரிந்தது.

நான் ஒன்று விடாமல் பார்த்தேன். தடம் மாறும்போது கண்ணாடி, சிக்னல், பிறகு தோளுக்கு மேல் ஒரு திருப்பம். கண்ணாடியில் தெரியாத மூலையைப் பார்ப்பதற்கு அது. அவருடைய தலை ஒவ்வொரு முறையும் சரியாகத் திரும்பியது. சொல்லிக்கொண்டே ஓட்டுவது என்று ஒரு பயிற்சி இருக்கிறது. கண்ணில் படுவதை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். அதிலும் அவர் தடுமாறவில்லை. "எதிர்ல பஸ்... டிவைடர்ல புல்லு வெட்டுறாங்க... நடுவுல ஒரு ஆன்ட்டி நிக்கிறாங்க... மோட்டார் சைக்கிள்காரன் ஓவர்டேக் பண்றான்" என்று கமெண்டரி போல ஓடியது. ஒரே ஒரு குறை, இடது பின்சக்கரம் இரண்டு தடவை நடைபாதையின் ஓரக்கல்லை உரசியது. பெரிய பஸ் ஓட்டிப் பழகியவர்கள் சின்னக் காரில் அப்படிச் செய்வதுண்டு. பேசும்போதுகூட அவர் என் பக்கம் ஒரு தடவையும் திரும்பியதில்லை. என்ன ஒழுங்கு, கண் ரோட்டை விட்டு அகலவில்லையே என்று நான் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது பாடத்தை வேண்டுமென்றே தேக்காவில் வைத்தேன். அங்கே ஓட்டிவிட்டால் எங்கேயும் ஓட்டலாம். வெள்ளிக்கிழமை, முற்பகல். சிராங்கூன் ரோட்டில் லாரிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தன, சுற்றுலாக்காரர்கள் கேமராவோடு ரோட்டில் இறங்கி நின்றார்கள். அவர் பதறாமல் நிதானமாக ஓட்டிக் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து விட்டார். எனக்கே தெரியாமல், "ரொம்ப நல்லா ஓட்டுனீங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் உடனே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "டீச்சர் ஓகே சொல்லிட்டாங்க லா. இன்னைக்கு மத்தியானம் பாப்பாவ நானே போய் ஏத்திக்கிறேன். நீ நிம்மதியா வேலையப் பாரு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. மகளுக்கு அந்த வாரம்தான் புது வேலை கிடைத்திருந்தது, ஷிப்ட் வேலை. பேத்தி ஜெனி பாலர் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி அவர்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். அவருடைய பழைய கார் வீட்டுக்குக் கீழே சும்மாதான் நிற்கிறது, சாவி சட்டைப்பையில் கனமாகத் தொங்கியது. "அண்ணே, நான் ஓகேன்னு சொல்லல. டாக்டர் டெஸ்ட் இருக்குல்ல" என்றேன். "அது சும்மா பேப்பருக்கு தங்கச்சி" என்று சிரித்தார்.

அப்போதுதான் கோவின் கேள்வி ஞாபகம் வந்தது. அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இந்த மனிதர் என்ன ஷூ போட்டிருக்கிறார்? எனக்குத் தெரியவில்லை. மேரி அண்ணி, அவருடைய மனைவி, சாமான் வாங்கத் தேக்காவுக்கு வந்திருந்தார். மூவரும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் இலைச் சாப்பாடு சாப்பிடுவதாக ஏற்பாடு. "வாங்கண்ணே, நடந்தே போவோம்" என்றேன்.

கறுப்பு லெதர் ஷூ. அவரே பாலிஷ் போடுவாராம். வலது ஷூவில் முகம் பார்க்கலாம். இடது ஷூ மங்கி, ஓரமெல்லாம் சிராய்ந்து கிடந்தது. அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டார்போல என்று நினைத்தேன்.

பூக்கடைகளைத் தாண்டி, கடைகளுக்கு முன்னால் கூரையும் தூணுமாக ஓடும் ஐந்தடிப் பாதையில் நடந்தோம். தொங்கிக்கொண்டிருந்த மாலைகளில் அவருடைய இடது தோள் இடித்தது. கூட்டம், யாருக்கும் இடிக்கும். பத்தடி போவதற்குள் அதே தோள் தூணில் மோதியது. "சாரி, சாரி" என்றார், தூணிடம். நான் சிரித்துவிட்டேன். பழக்க தோஷத்தில் அவருக்கு இடப்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன். "மல்லிகைப் பூ வாசம் தூக்குதுல்லண்ணே?" என்று கேட்டேன். அவர் "ஆமா தங்கச்சி" என்று வலப்பக்கம் திரும்பி, அங்கே வாழையிலைக் கட்டோடு நின்றுகொண்டிருந்த ஒரு பங்களாதேஷ் பையனிடம் சொன்னார். அவன் என்னவோ ஏதோ என்று தலையாட்டினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் அதிகம், குரல் எந்தப் பக்கமிருந்து வந்ததென்று தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வலது கால் பிரேக்கைத் தேட ஆரம்பித்துவிட்டது.

கடையில் மேரி அண்ணி எங்களுக்கு முன்பே இடம் பிடித்திருந்தார். இலை போட்டார்கள். நுனி இடப்பக்கம் இருக்கும்படி போட்டு, நம் வழக்கப்படி இடது ஓரத்தில் உப்பு, மாங்காய் ஊறுகாய், பக்கத்தில் பீட்ரூட் பொரியல், கீழே ஒரு வடை, அப்பளம். வலப்பக்கம் முட்டைக்கோஸ், கத்தரிக்காய். நடுவில் சோறு குவித்து மீன் குழம்பு ஊற்றினார்கள். அண்ணன் நல்ல பசியோடு சாப்பிட்டார். அண்ணி என் காதுக்குள் பெருமையாகச் சொன்னார்:

"பாத்தியா புஷ்பா, ஊறுகாயத் தொடுறாரான்னு? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு என்னைய ஏசுன மனுஷன். டாக்டர் உப்பக் கொறைங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அன்னைலேர்ந்து இலையில இருக்குற உப்பு, ஊறுகா, அப்பளம் ஒண்ணையும் தொடுறதில்ல. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்."

நான் இலையைப் பார்த்தேன். உப்பு அப்படியே இருந்தது, ஊறுகாயும் அப்பளமும் அப்படியே இருந்தன. சரி, டாக்டர் சொன்னது. வடையும் அப்படியே இருந்தது. வடையில் என்ன பெரிய உப்பு? பீட்ரூட்டை ஏன் தொடவில்லை? பிறகு சோற்றைப் பார்த்தேன். குவியலின் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்திருந்தார், இடது பாதி கத்தியால் வெட்டிவைத்ததுபோல நின்றது. அவர் காலி இலையை விரலால் வழித்துக்கொண்டே, "சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு" என்றார்.

கை கழுவாமலே எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது எனக்கு. மூன்று பாடத்திலும் அவர் சொல்லிக்கொண்டே ஓட்டியது எல்லாம் காதில் திரும்ப ஓடியது. எதிரே வரும் பஸ், டிவைடர், நடுவில் நிற்கும் ஆன்ட்டி, முந்திப் போகும் மோட்டார் சைக்கிள். நம் ஊரில் இதெல்லாம் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம். பஸ் நிறுத்தங்கள் எல்லாம் இடப்பக்கம். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய மனிதர் மூன்று பாடத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தைக்கூடச் சொல்லவில்லை. தலை திரும்பியது, நான் அதைப் பார்த்தேன். அந்தத் தலை திரும்பிய இடத்தில் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பரிமாறுகிறவர் வருவதற்குள் அவருடைய இலையை இரண்டு கையாலும் பிடித்து, நுனி வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தேன். உயிரோடு இருக்கிறவருக்கு யாரும் அப்படி இலை வைக்க மாட்டார்கள். மேரி அண்ணி வேதக்காரர்தான், நம் சடங்கெல்லாம் கிடையாது, ஆனால் அவருக்கும் முகம் மாறிவிட்டது. "என்னா புஷ்பா இது, செத்த வீட்டுக்கு வைக்கிற மாதிரி?" என்றார்.

அண்ணன் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, வடை எப்ப வெச்சாங்க? ஊறுகாயும் இருக்கு" என்று மாங்காயை எடுத்து ஆசையாக வாயில் போட்டுக்கொண்டார்.

அண்ணியின் கை சோற்றோடு அப்படியே நின்றது. அவருக்கும் புரிந்துவிட்டது. இத்தனை நாள் கணவர் சொன்னபடி கேட்கிறார் என்று மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அந்த முகத்தை நான் பார்க்கக் கூடாதென்று என் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். கண்ணில் குறை இல்லை அண்ணே, மூளை இடப்பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன், டாக்டரிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. பேசிக்கொண்டே சாப்பிட்டதில் கவனிக்கவில்லை என்றார். தூணில் யார்தான் இடிக்கவில்லை என்றார்.

"டீச்சர், அரை மணி நேரம் முன்னாடி ரொம்ப நல்லா ஓட்டுனீங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப ஒரு வடைய வெச்சு என் லைசென்ஸ்ல கை வைக்கிறீங்க."

தங்கச்சி மறுபடி டீச்சர் ஆகிவிட்டேன். அது எனக்கு வலித்தது. அதைவிடப் பயமாக இருந்தது, அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பள்ளி விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாலர் பள்ளி வாசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கார்கள் இடப்பக்கம் ஓரங்கட்டும், பிள்ளைகள் இடப்பக்கமிருந்துதான் ஓடிவருவார்கள்.

வாதாடினால் அவர் எழுந்து போய்விடுவார். அதனால் பேரம் பேசினேன். "சரிண்ணே. இன்னைக்கு ஒரு நாள் நடந்து போய்ப் பாப்பாவக் கூட்டிட்டு வருவோம், நானும் வர்றேன். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்." அண்ணி அவர் கையைப் பிடித்து, "புஷ்பா சொல்றதக் கேளுங்க" என்றார். அவர் எழுந்து கை கழுவிவிட்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தார்.

பயிற்சிக் காரை நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினோம். மார்சிலிங்கில் இறங்கி, கூரை போட்ட நடைபாதையில் புளோக்குகளுக்கு நடுவே நடந்தோம். நான் இந்த முறை அவருடைய வலப்பக்கம் போய்விட்டேன், அண்ணி இடப்பக்கம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் கிழவர்கள் தாம் என்கிற காய் நகர்த்தும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள், எங்கோ பஜ்ஜி பொரிகிற வாசனை. வேறு நாளாக இருந்தால் நான் பராக்குப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாக நடந்திருப்பேன். அன்றைக்கு அவருடைய இடது தோளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

பெரிய ரோட்டில் பாதசாரி விளக்கில் பச்சை மனிதன் எரிந்தான். அண்ணன் காலை எடுத்து வைத்தார். சாப்பாடு கொண்டுபோகிற சைக்கிள்காரன் ஒருவன் இடப்பக்கமிருந்து, எதிர்த்திசையில், சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் வந்தான். அண்ணி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். சைக்கிள் எங்கள் முன்னால் காற்றாகப் போனது. "எங்கேருந்துடா வந்தான் இவன்?" என்றார் அண்ணன். அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் மட்டும்தான். நாங்கள் இருவரும் அவன் வருவதைத் தூரத்திலேயே பார்த்திருந்தோம்.

அதன் பிறகு அவர் நடை மெதுவானது.

பள்ளி வாசலில் பெற்றோர்கள் கூடி நின்றார்கள். ஜெனியை அவர்தான் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் இருவரும் சற்றுப் பின்னால் நின்றுகொண்டோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெனி சிவப்புப் பையோடு ஓடிவந்து அவருடைய இடப்பக்கம், அவர் முழங்கையை ஒட்டினாற்போல வந்து நின்றாள். "தாத்தா, ஐம் ஹியர்" என்றாள்.

அவர் வலப்பக்கம் திரும்பி வாசலில் தேடினார். "பாப்பா எங்க? குரல் கேக்குது" என்று பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் கேட்டார்.

கண்ணாமூச்சி என்று நினைத்து ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தாத்தா, ஹியர் லா" என்று மறுபடி கூப்பிட்டாள். அவர் இன்னும் வலப்பக்கமாகவே திரும்பி, திரும்பி, முழு வட்டமும் சுற்றி வந்த பிறகுதான் அவளைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அவள் அங்கேயே, கைக்கு எட்டுகிற இடத்தில் நின்றிருந்தாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியதை நான் பார்த்தேன். இத்தனை பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மனிதர். எனக்கே ஒரு நாள் இப்படி ஆனால் எனக்கும் தெரியாதே என்ற நினைப்பு அங்கேதான் வந்தது, காரை விற்கிற எண்ணமும் அங்கேதான்.

ஜெனி அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, "கார் எங்க தாத்தா? அம்மா சொன்னாங்க யூ டிரைவிங்" என்றாள்.

"நடந்து போவோம் கண்ணு" என்றார். பிறகு தன் இடது கையைப் பிடித்திருந்த அந்தச் சின்ன விரல்களை, குனிந்து தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"இந்தப் பக்கம் வந்து பிடிச்சுக்கம்மா. தாத்தாவுக்கு அந்தப் பக்கம் இல்ல."